நகராட்சி நூலகத்துக்குச் சலுகை விலை மென்பொருள்: எந்தத் தகுதியில், எந்த வழியில் வாங்குவது?

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு முடிவுக்கு வந்தது. அதே நாளில் ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 ஆகிய இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. பழைய கணினிகளை வாசகர்களுக்குத் திறந்துவைத்திருக்கும் அமெரிக்கப் பொது நூலகங்களுக்கு இதனால் ஒரு முடிவு கட்டாயமாகிவிட்டது: புதிய உரிமங்களை எவரிடமிருந்து, எந்தத் தகுதியின் பேரில், எவ்வளவு செலவில் பெறுவது என்பதே அது. அந்நாட்டு ஊர்களில் நூலக அறங்காவலர் குழுவிலோ நூலக நண்பர்கள் சங்கத்திலோ பொறுப்பேற்றிருக்கும் தமிழர்கள் உண்டு. வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் அவர்கள் கைதூக்க வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று. நகராட்சியின்கீழ் இயங்கும் நடுத்தர நூலகம் ஒன்றை மனத்தில் வைத்து, அதன் முன்னால் உள்ள வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். வாசகர்களுக்கு இருபது கணினிகளும், பணியாளர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு கணினிகளும் உள்ள, தனியாகக் கணினித் துறை எதுவும் இல்லாத நூலகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பலர் தொடங்கும் இடத்திலேயே பிசகு நேர்ந்துவிடுகிறது. நூலகம் யாரிடமும் காசு வாங்காமல் ஊருக்கு உழைக்கிறது; எனவே அது இலாப நோக்கற்ற அமைப்பு; எனவே அத்தகைய அமைப்புகளுக்கான தள்ளுபடி தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ணுகிறார்கள். மென்பொருள் நிறுவனங்கள் நூலகத்தின் சேவையை எடைபோடுவதில்லை. அதன் சட்ட உருவத்தைத்தான் பார்க்கின்றன. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்ற கடிதம் கையில் இருக்கிறதா என்பதே பெரும்பாலான விண்ணப்பப் படிவங்களின் முதல் கேள்வி. அந்நாட்டில் ஏறத்தாழ 9,000 பொது நூலக அமைப்புகள் உள்ளன. கிளைகளையும் நடமாடும் நூலகங்களையும் சேர்த்தால் சேவை இடங்கள் 17,000 அளவில் வரும். அந்த அமைப்புகளில் ஏறத்தாழ பாதி நகராட்சிகளின் அங்கங்கள். எஞ்சியவை கவுன்டி என்ற மாவட்ட அளவிலான நிர்வாகத்தின்கீழ் வருபவை, சொந்தமாக வரி பெறும் நூலக மாவட்டங்கள், பள்ளி மாவட்டத்தோடு இணைந்தவை என்று பல வகைப்படும். இலாப நோக்கற்ற தனிச் சங்கமாகவே பதிவுபெற்ற நூலகங்களும் இருக்கின்றன; நியூயார்க், பென்சில்வேனியா, மேய்ன் போன்ற மாநிலங்களில் அவை அதிகம். புகழ்பெற்ற நியூயார்க் பொது நூலகமேகூட நகர அரசின் துறை அல்ல. 501(சி)(3) தகுதி பெற்ற தனி அமைப்பு.

ஆக, ஒரே மாதிரியான கட்டடத்தில், ஒரே மாதிரியான சேவை செய்யும் இரண்டு நூலகங்களில் ஒன்று படிவத்தின் முதல் கேள்வியைத் தாண்டிவிடும். அடுத்த ஊர் நூலகம் அங்கேயே நின்றுவிடும். நின்றுவிட்ட நூலகத்துக்கு உதவக்கூடிய ஓர் ஆவணம் உண்டு. அரசு அமைப்புக்குப் பொது நோக்கத்துக்காகத் தரப்படும் நன்கொடைக்கும் வரிக்கழிவு உண்டு என்று அதே சட்டத்தின் 170(சி)(1) பிரிவு சொல்கிறது. அதை உறுதிப்படுத்தி வருமான வரித் துறை 4076சி என்ற எண்ணுள்ள கடிதம் ஒன்றை, கேட்டால் கட்டணமின்றித் தருகிறது. நன்கொடையாளர்களும் அறக்கட்டளைகளும் இக்கடிதத்தைக் கண்டு திருப்தியடைவது வழக்கம். ஆனால் இது 501(சி)(3) கடிதத்துக்கு மாற்று அல்ல என்பதை அறங்காவலர்கள் மறந்துவிடக் கூடாது. மென்பொருள் நிறுவனம் அதை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது.

முதல் வழி டெக்சூப். 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் கம்ப்யூமென்டர் என்ற பெயரில் தொடங்கிய இந்த அமைப்பு, மென்பொருள் நிறுவனங்கள் நன்கொடையாகவோ தள்ளுபடியிலோ தரும் பொருள்களைத் தகுதி சரிபார்த்துப் பிற அமைப்புகளுக்கு வழங்கும் இடைநிலையம். நூலகங்களுக்கு இது திறந்துவைத்திருக்கும் கதவு முக்கியமானது: 501(சி)(3) கடிதம் இல்லாவிட்டாலும், அருங்காட்சியக, நூலகச் சேவைகள் நிறுவனம் என்ற கூட்டாட்சி அமைப்பின் பொது நூலகக் கணக்கெடுப்பில் இடம்பெற்ற நூலகமாக இருந்தால் பதிவுசெய்ய முடியும். அந்தக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு நூலகத்துக்கும் மாநிலத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் கொண்ட ஓர் அடையாளக் குறி உண்டு. ஆண்டுதோறும் மாநில நூலகத்துக்கு அனுப்பும் புள்ளிவிவரப் படிவத்தோடு சேர்ந்தே இக்குறி இருப்பதால், அந்தப் படிவத்தை நிரப்பும் பணியாளருக்கு அது தெரிந்திருக்கும். உரிமம் வாங்கும் பொறுப்பில் உள்ளவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது. விண்ணப்பிக்கும் முன்னர் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, நூலகத்தின் பெயரும் முகவரியும் கணக்கெடுப்பில் உள்ளபடியே விண்ணப்பத்திலும் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நகராட்சி நூலகங்களில் இன்னொரு சிக்கலும் எழும். வரி தொடர்பான ஒன்பது இலக்க அடையாள எண் நூலகத்துக்கென்று தனியாக இல்லாமல், நகராட்சியின் எண்ணையே பயன்படுத்திவருவது உண்டு. அந்த எண்ணைப் படிவத்தில் இட்டால் விண்ணப்பதாரர் நூலகமாகத் தோன்றாமல் நகராட்சியாகவே தோன்றும். அரசு அலுவலகங்களுக்குத் தகுதி இல்லை என்ற பதில் வருவதற்கு இது போதும்.

டெக்சூப்பில் பதிவு கிடைத்துவிட்டால் அதன் பட்டியலில் உள்ள அனைத்தும் கிடைத்துவிடும் என்பதில்லை. பொருளைத் தரும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரம்பு வைத்திருக்கிறது: எந்த வகை அமைப்பு, ஆண்டுச் செலவு எவ்வளவு வரை, இத்தனை ஆண்டுக்கு எத்தனை உரிமம் என்றெல்லாம். பொது நூலகம் என்ற வகையைச் சிலர் பெயர் சொல்லி ஏற்கிறார்கள். சிலர் 501(சி)(3) அல்லாத எவரையும் ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் முதல் வகையைச் சேர்ந்தது என்பதுதான் நூலகங்களுக்கு ஆறுதல். அந்தந்த ஊரிலோ வட்டாரத்திலோ வாழும் அனைவருக்கும் பொதுவான நூலகச் சேவையைக் கட்டணமின்றி அளிக்கும் நூலகத்தை அது தகுதியுள்ள வகையாகக் கருதுகிறது. பாகுபாடு காட்டாத கொள்கை உண்டு என்று உறுதியளிக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. பொது நூலகத்துக்கு அது எந்தச் சிரமமும் தராது.

இரண்டாவது வழியைப் பலரும் கவனிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் கல்வித் துறை உரிமத் திட்டங்களில் ‘தகுதியுள்ள கல்விப் பயனர்’ யார் என்ற வரையறைக்குள் பள்ளிகள், கல்லூரிகளோடு பொது நூலகங்களும் பொது அருங்காட்சியகங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதாவது, நன்கொடைச் சலுகைக்குத் தகுதியில்லை என்று எங்கோ ஒரு படிவம் திருப்பியனுப்பிய நூலகம்கூட, கல்வி விலையில் உரிமம் விற்க அங்கீகாரம் பெற்ற ஒரு மறுவிற்பனையாளரிடம் நேரே போய் விலைப்புள்ளி கேட்கலாம். பொது அல்லது தனியார் நிதியில் இயங்கி, அடிப்படைச் சேவைகளைத் தன் எல்லைக்குட்பட்டவர்களுக்கு இலவசமாகத் தருவதே அங்கே கேட்கப்படும் தகுதி. 501(சி)(3) பேச்சே எழுவதில்லை. நன்கொடை விலையை விடக் கல்வி விலை பொதுவாகச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் ஆவணச் சரிபார்ப்பு எளிது; கூடுதல் கணினி வாங்கும்போது உரிம எண்ணிக்கை வரம்பு குறுக்கே வருவதில்லை; ஒரு கணினியில் தயார்செய்த படிமத்தை, அதாவது முழு நகலை, எல்லாக் கணினிகளிலும் நிறுவிக்கொள்ளும் உரிமையும் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பல கணினிகளுக்கு மொத்தமாக வாங்கும் உரிமத்தைத் தொகுப்பு உரிமம் என்பார்கள்; மைக்ரோசாஃப்ட்டின் ஓப்பன் லைசென்ஸ் என்ற பழைய தொகுப்பு உரிமத் திட்டத்தில் 2022 தொடக்கத்திலிருந்து புதிதாக எதையும் வாங்க முடியாது. நூலகத்தின் கோப்பில் அந்தத் திட்டத்தின் ஒப்பந்த எண்தான் இருக்கிறது என்றால், அதை நீட்டிக்க முயல்வதில் நேரம் செலவிட வேண்டாம். பழைய உரிமங்கள் செல்லும், புதியவற்றுக்கு வேறு திட்டம்தான்.

மூன்றாவது வழி அரசு விலை. நூலகம் நகராட்சியின் துறை என்றால், நகராட்சி தன் அலுவலகங்களுக்காக ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒப்பந்தத்தில் நூலகப் பணியாளர்களையும் சேர்க்கச் சொல்லலாம்; அல்லது மாநிலக் கொள்முதல் அதிகாரிகளின் தேசியச் சங்கம் நடத்தும் நாஸ்போ வேல்யூபாயின்ட் போன்ற கூட்டுக் கொள்முதல் ஒப்பந்தத்தின் வழியாக வாங்கலாம். ஓர் உரிமத்துக்கு என்று கணக்கிட்டால் மூன்று வழிகளிலும் இதுதான் விலை கூடியது. ஆனால் விலைப்பட்டியலில் தெரியாத ஓர் அனுகூலம் இதில் இருக்கிறது: மின்னஞ்சல், காப்புப் பிரதி, இரட்டைச் சரிபார்ப்பு, வேலையைவிட்டுப் போனவரின் கணக்கை மூடுவது என்ற அன்றாட வேலைகளை நகராட்சியின் கணினித் துறை பார்த்துக்கொள்ளும். கணினிப் பணியாளர் இல்லாத நூலகத்துக்கு இந்த உதவியின் மதிப்பு, தள்ளுபடியில் மிச்சமாகும் டாலர்களை விடப் பெரிது என்பது என் கணிப்பு. இதற்கு எதிரான கருத்தும் ஒன்று உண்டு. அதை அலட்சியப்படுத்த முடியாது. யார் எந்த நூலை எடுத்தார்கள் என்ற பதிவை இரகசியமாகக் காப்பதற்கு 48 மாநிலங்களில் தனிச் சட்டம் இருக்கிறது. வாசகர்களோடு நூலகர் நடத்தும் கடிதப் போக்குவரத்தை நகராட்சியின் வேறு துறை அலுவலர் எவரும் திறந்து பார்க்க முடியாதபடி அணுகல் உரிமைகளை எழுத்துமூலம் வரையறுத்த பிறகே இந்த ஏற்பாட்டுக்குள் போக வேண்டும்.

நான்காவதாக ஒரு வழி அடிக்கடி முன்மொழியப்படுகிறது. அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நூலக நண்பர்கள் சங்கம் பழைய புத்தக விற்பனை நடத்தி நூலகத்துக்கு நிதி திரட்டும் தன்னார்வ அமைப்பு. அதற்குப் பெரும்பாலும் 501(சி)(3) கடிதம் இருக்கும். ‘நகராட்சிக்கு அந்தக் கடிதம் இல்லை, நண்பர்கள் சங்கத்துக்கு இருக்கிறது, அவர்கள் பெயரில் விண்ணப்பித்து நூலகத்தில் நிறுவிக்கொள்ளலாமே’ என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் சொல்வார், கூட்டத்தில் பலரும் தலையசைப்பார்கள். இந்த வழியை நான் முழுமையாக எதிர்க்கிறேன். சலுகை உரிமங்கள் பெறும் அமைப்பின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. வேறொரு சட்ட அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்பது அவற்றின் அடிப்படை நிபந்தனை. நண்பர்கள் சங்கமும் நூலகமும் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் இரண்டு தனித்தனி அமைப்புகள். தணிக்கையில் இது வெளிப்பட்டால் சங்கம் தன் தகுதியை இழக்கலாம். ஆண்டுக்கணக்கில் தன்னார்வலர்கள் கட்டிக்காத்த நற்பெயரும் அதோடு போகும்.

உரிம மீறலை விடவும் ஆழமான சிக்கல் மின்னஞ்சலில் இருக்கிறது. சங்கத்தின் பெயரில் இலவசமாகக் கிடைத்த மின்னஞ்சல் சேவையில் நூலக இயக்குநரும் பணியாளர்களும் கணக்கு வைத்துக்கொண்டால், பொது ஊழியர்களின் அலுவல் கடிதங்கள் ஒரு தனியார் சங்கத்தின் கட்டுப்பாட்டில் போய்ச் சேர்கின்றன. நியூ ஜெர்சியில் பொதுப் பதிவேடுகள் சட்டம் இருப்பதுபோல ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப்பெறும் சட்டம் உண்டு. அவ்வாறு ஒருவர் மனு அளித்தால், கடிதங்களைத் தேடி எடுத்துக் கொடுக்க நூலகத்துக்குத் தன் சொந்தக் கணக்கிலேயே அதிகாரம் இருக்காது. சங்கத்தின் தலைவர் மாறினால், புதியவர் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார். நண்பர்கள் சங்கம் உதவ விரும்பினால் அதற்கு நேர்வழி இருக்கிறது: நூலகம் தன் பெயரில் உரிமம் வாங்கட்டும், அதற்கான பணத்தைச் சங்கம் நன்கொடையாகத் தரட்டும். நண்பர்கள் சங்கங்கள் உருவானதே இத்தகைய உதவிக்குத்தான்.

இதுவரை சொன்னவை எந்தப் பெயரில் வாங்குவது என்பதைப் பற்றியவை. எந்த வகை உரிமம் என்பது அதற்கு இணையான கேள்வி. என் பார்வையில் தள்ளுபடியின் அளவை விட இதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். உரிமங்கள் இரு வகைப்படும்: கணினிக்கு ஒன்று என்று கொடுக்கப்படுபவை, ஆளுக்கு ஒன்று என்று கொடுக்கப்படுபவை. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான சலுகைகள் கடந்த சில ஆண்டுகளில் பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு நகர்ந்துவிட்டன. ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அது பொருந்தும். அங்கே பயனர் என்பவர் பெயர் தெரிந்த பணியாளர். பொது நூலகத்தின் வாசகர் கணினியில் யார் உட்காருவார் என்பது காலையில் கதவு திறக்கும்போது யாருக்கும் தெரியாது.

அன்றாடம் நடப்பதைப் பாருங்கள். வேலை தேடும் ஒருவர் தன் விண்ணப்பத்தை ஒரு யுஎஸ்பி குச்சியில் வைத்துக்கொண்டு வருகிறார். நூலக அட்டை எண்ணைத் தட்டியதும் அவருக்கு நாற்பத்தைந்து நிமிடமோ ஒரு மணி நேரமோ ஒதுக்கப்படுகிறது. கோப்பைச் சொடுக்குகிறார். ஆளுக்கு ஒன்று என்று கொடுக்கப்படும் சந்தா வகை ஆஃபிஸ் நிறுவப்பட்டிருந்தால், கோப்பு திறக்கும் முன்னர் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்கும் கட்டம் திரையில் நிற்கிறது. அவரிடம் அந்தச் சேவையில் கணக்கு இல்லை. நூலகர் தன் கணக்கைக் கொண்டு உள்நுழைந்து கொடுத்தால் உரிம விதியும் மீறப்படுகிறது. பணியாளரின் கோப்புகளும் அந்நியர் முன் திறந்துகிடக்கின்றன. இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு வாசகரும் எழுந்து போனதும் கணினியை மறுபடி தொடக்கி, முந்தையவரின் தடயம் எதுவும் மிஞ்சாமல் பழைய நிலைக்குத் திருப்பும் டீப் ஃபிரீஸ் போன்ற மென்பொருளை நூலகங்கள் பயன்படுத்துகின்றன. சந்தா ஆஃபிஸ் கணினியில் சேமித்துவைக்கும் அனுமதிச் சான்றும் அந்தத் துடைப்பில் அழிந்துபோக, அடுத்தவருக்கும் அதே கட்டம் வந்து நிற்கிறது.

எனவே வாசகர் கணினிகளுக்கு ஆஃபிஸ் எல்டிஎஸ்சி 2024 போன்ற, கணினிக்கு ஒன்றாகக் கொடுக்கப்படும், ஒருமுறை வாங்கி நிறுவும் பதிப்பே பொருந்தும். அது உள்நுழையக் கேட்பதில்லை. தொகுப்பு உரிமத்தோடு வரும் ஒரே குறியைக் கொண்டு எல்லாக் கணினிகளிலும் செயல்படுத்திவிட்டு, டீப் ஃபிரீஸ் போன்ற மென்பொருளால் அந்த நிலையிலேயே உறையவைத்துவிடலாம். புதிய வசதிகள் இடையிடையே வந்து சேராது என்பது அதன் குறை. விண்ணப்பமும் கடிதமும் தட்டச்சு செய்ய வருபவருக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை. விண்டோஸைப் பொறுத்தவரை, தொகுப்பு உரிமத்தில் வருவது மேம்படுத்தல் உரிமம் மட்டுமே. கணினியோடு முறையான விண்டோஸ் உரிமம் ஒன்று முன்பே வந்திருக்க வேண்டும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் எதிர்பார்ப்பதால், பழைய கணினிகள் சிலவற்றுக்கு எவ்வளவு மலிவான உரிமமும் பயன்படாது. உரிமத்துக்கு விலை கேட்கும் முன் கணினிகளின் பட்டியலை எடுத்து, எவை தாங்கும், எவை தாங்காது என்று பிரித்துவிட வேண்டும்.

பணியாளர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் பெயர் தெரிந்த பயனர்கள் என்பதால் சந்தா வகை அவர்களுக்குப் பொருந்தும். இங்கேதான் நூலகங்கள் அண்மையில் ஒரு பாடம் கற்றன. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் என்ற தொகுப்பை இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குப் பத்துப் பயனர்கள் வரை இலவசமாகக் கொடுத்துவந்த மைக்ரோசாஃப்ட், 2025 ஜூலை 1 முதல் அந்த இலவசத்தை நிறுத்தியது. முன்னர் பெற்றவர்களுக்கு அடுத்த புதுப்பித்தலோடு அது முடிந்தது. இணைய வழியில் மட்டும் இயங்கும் பிசினஸ் பேசிக் 300 பயனர்கள் வரை இலவசமாகத் தொடர்கிறது. பிரீமியம் வேண்டுமென்றால் 75 விழுக்காட்டுத் தள்ளுபடியில், ஒரு பயனருக்கு மாதம் 5.50 டாலர். பத்துப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 660 டாலர் என்பது சிறிய நூலகத்துக்குத் தாங்கக்கூடிய தொகைதான். ஆனால் சுழியம் என்று எழுதிவைத்திருந்த வரியில் நிதியாண்டு தொடங்கும் நாளில் அது வந்து விழுந்ததுதான் சங்கடம். விற்பனையாளரின் தயவில் கிடைக்கும் இலவசம் ஒப்பந்தம் அல்ல என்பதை மனத்தில் கொண்டே வரவு செலவுத் திட்டம் எழுதப்பட வேண்டும்.

கூகுளின் நிலைப்பாடு நேரடியானது. அதன் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான திட்டத்தில் அரசு அமைப்புகளுக்கு இடமில்லை. மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் இடமில்லை. சங்கமாகப் பதிவுபெற்று 501(சி)(3) கடிதம் வைத்திருக்கும் நூலகம் விண்ணப்பிக்கலாம்; கிடைத்தால் மின்னஞ்சலும் ஆவணங்களும் இலவசம், மாதம் 10,000 டாலர் மதிப்பு வரையிலான தேடல் விளம்பர மானியமும் உண்டு. நகராட்சி நூலகம் அந்தப் படிவத்தில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் கூடிய கட்டற்ற மென்பொருளை ஒப்பீட்டின் வால்பகுதியில் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நூலகங்களைப் பொறுத்தவரை அது நியாயமல்ல. நூலக மேலாண்மைக்கான கோஹா, நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பைன்ஸ் என்ற நூலகக் கூட்டமைப்புக்காக உருவான எவர்கிரீன் 2006இல் இயங்கத் தொடங்கியது. இரண்டும் நூலகங்களின் தேவையிலிருந்து பிறந்தவை. இவற்றுக்குத் தகுதிச் சான்று எதுவும் காட்ட வேண்டியதில்லை. நூற்பட்டியலுக்கும் இரவல் கணக்குக்கும் இவற்றை எந்தத் தயக்கமும் இன்றிப் பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையோடு: பராமரிப்புக்கு ஒரு சேவை நிறுவனத்தோடோ, வட்டார நூலகக் கூட்டமைப்போடோ எழுத்துமூல ஏற்பாடு வேண்டும். உரிமக் கட்டணம் இல்லாததைச் செலவே இல்லை என்று எடுத்துக்கொண்ட நூலகம், சர்வர் பழுதான நாளில் தடுமாறும்.

ஆஃபிஸுக்கு மாற்றான கட்டற்ற மென்பொருள் லிப்ரேஆஃபிஸ். அதை வாசகர் கணினிகளில் வைப்பது பற்றி எனக்கு இரு மனம். கடிதம், கணக்கு, எளிய விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் வேலைக்கு விண்ணப்பிப்பவர் கொண்டுவரும் கோப்பு பெரும்பாலும் வேர்டில் வடிவமைக்கப்பட்டது. அதைத் திறக்கும்போது அட்டவணையும் இடைவெளியும் சற்று நகர்ந்துவிட்டால், அதைச் சரிசெய்ய அவருக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. தட்டச்சுப் பயிற்சிக்கு வருபவரும் அலுவலகத்தில் எதைக் கேட்பார்களோ அதில்தான் பழக விரும்புவார். எனவே இருபது கணினிகளில் பன்னிரண்டில் ஆஃபிஸ், எட்டில் லிப்ரேஆஃபிஸ் என்று பிரித்து, எது எதில் இருக்கிறது என்று மேசையிலேயே எழுதி ஒட்டுவது நல்ல சமரசம். இணையத்தில் தேடவும் படிவம் நிரப்பவும் மட்டும் பயன்படும், விண்டோஸ் 11ஐத் தாங்காத பழைய கணினிகளில் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் அவற்றின் ஆயுளும் நீளும்.

இ-ரேட் என்ற பெயரும் இந்தப் பேச்சில் தவறாமல் எழும். 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் பிறந்த அத்திட்டம், பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி தருவது உண்மை. அந்தத் தள்ளுபடி இணைய இணைப்புக்கும் கட்டடத்துக்குள் இருக்கும் வலையமைப்புக் கருவிகளுக்கும் உரியது. ஆஃபிஸ் உரிமத்துக்கு அதில் இடமில்லை. இணைப்புச் செலவில் மிச்சமாவதை மென்பொருள் வரிக்கு மாற்றலாம் என்பதோடு அந்தத் தொடர்பு முடிந்துவிடுகிறது.

இத்தனையையும் வைத்து என் முடிவு இது. நகராட்சியின் அங்கமான நூலகம், டெக்சூப்பில் தன் சொந்தப் பெயரில், கணக்கெடுப்புக் குறியைக் காட்டிப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். வாசகர் கணினிகளுக்கான உரிமங்களுக்கு அங்கேயும் கல்வி விலை மறுவிற்பனையாளரிடமும் ஒரே நாளில் விலைப்புள்ளி கேட்டு, எது குறைவோ அதை எடுக்க வேண்டும். விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் கல்வி விலையையே நான் தேர்ந்தெடுப்பேன். அடுத்த ஆண்டு இன்னும் நான்கு கணினிகள் சேரும்போது மறுபடி தகுதியை நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பணியாளர்களின் மின்னஞ்சலையும் சந்தாவையும் நகராட்சியின் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டு, வாசகர் தகவலுக்கான பாதுகாப்பை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். சங்கமாக இயங்கும் நூலகத்துக்கு இந்த வரிசை மாறும். அதற்கு நகராட்சி ஒப்பந்தம் எட்டாது. ஆனால் டெக்சூப்பும் கூகுளும் மைக்ரோசாஃப்ட்டின் இலவச பேசிக் தொகுப்பும் ஒருங்கே கைக்கெட்டும். தனி வரி வருவாயுள்ள நூலக மாவட்டம் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதற்குச் சொந்த வரி அடையாள எண் இருப்பதால் டெக்சூப் பதிவு எளிதாக முடியும், கூட்டுக் கொள்முதல் ஒப்பந்தங்களும் திறந்திருக்கும். மூன்று வகைகளில் பேரம் பேசும் நிலையில் வலுவானது அதுதான்.

நிதியாண்டு ஜூலையில் தொடங்கும் ஊர்களில், தகுதிச் சரிபார்ப்பைக் குளிர்காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது. பதிவு உறுதியாகாமல் விலைப்புள்ளி கேட்டால், அறங்காவலர் குழு முன்பு வைக்கப்படும் எண் நிலையாக இருக்காது. குழுவின் தீர்மானத்தில் உரிமத்தின் பெயர், எண்ணிக்கை, எந்தத் தகுதியில் பெறப்பட்டது, எப்போது காலாவதியாகிறது ஆகிய நான்கையும் எழுதிவைக்க வேண்டும். இயக்குநர் மாறினாலும் அடுத்தவர் அதைப் படித்து நிலைமையைப் புரிந்துகொள்வார். சந்தாவாக வாங்கும் ஒவ்வொன்றுக்கும் தள்ளுபடி விலைக்குப் பக்கத்திலேயே முழு விலையையும் குறித்துவைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வேன். சலுகை நின்றுபோனால் கட்ட வேண்டிய தொகை அதுதான். அதை நூலகத்தால் தாங்கவே முடியாது என்றால், அந்தச் சேவையை நம்பி வாசகர் பணிகள் எதையும் அமைக்காமல் இருப்பதே நல்லது.